போன் ஒட்டுக்கேட்கிறதா? பரந்தன் கடை மேசையில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"தம்பி, இந்தப் போன் நாங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்குது. நிப்பாட்டித் தாங்கோ."

கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தன் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை. போன் திருத்துவேன், ரீலோட் போடுவேன், போட்டோக்கொப்பி எடுப்பேன், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். மாதத்தில் நாலைந்து பேராவது இந்த முறைப்பாட்டோடு வருவார்கள். அன்று வந்த அக்கா, காலையில் தங்கச்சியோடு தையல் மெஷின் வாங்குவது பற்றிக் கதைத்தாராம். பின்னேரம் பேஸ்புக்கைத் திறந்தால் தையல் மெஷின் விளம்பரம்.

போனை வாங்கி, அவருக்குப் பக்கத்தில் இருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேஸ்புக்குக்கு மைக் அனுமதியே இல்லை. ஆனால் வேறு மூன்று விசயங்கள் அகப்பட்டன. ஒன்று, அவருடைய வட்ஸ்அப் ஏதோ ஒரு கணினியில் நாலு மாதமாகத் திறந்தபடி கிடந்தது. மகளின் விண்ணப்பத்தை வட்ஸ்அப்பில் இருந்து பிரிண்ட் எடுக்க ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இணைத்தது இணைத்தபடி. இரண்டு, போனில் உள்ள கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்தது போன் விற்ற கடைக்காரப் பெடியன். பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்ப எடுக்க உதவும் மீட்பு இலக்கமும் அவனுடையது, பாஸ்வேர்டும் அவனுக்குத்தான் தெரியும். மூன்றாவது சின்ன விசயம்: தங்கச்சி அதே வீட்டு வைஃபையில் இருந்து இரண்டு நாளாகத் தையல் மெஷின் விலை தேடிக்கொண்டிருந்தார்.

எங்கேயோ அமெரிக்காவில் இருந்து கேட்கிறார்கள் என்று பயந்தவரின் செய்திகளை, பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும் ஒரு கடைக் கணினியில் யாரும் வாசித்திருக்கலாம். அன்று இரவு கடை பூட்டமுதல் என் கணினியையும் பார்த்தேன். ஒரு ஐயாவின் வட்ஸ்அப் திறந்தபடி இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. இந்த வழிகாட்டியை எழுதத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

இந்தச் சந்தேகத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. தலைக்கு மேலே சுற்றிய வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்து, அதன் இரைச்சலைக் கேட்டே பங்கருக்குள் ஓடிய சனம் நாங்கள். 2009க்குப் பிறகு முகாமிலும் மீள்குடியேறிய பிறகும் பதிவு பதிவு என்று விவரம் கொடுத்துக் களைத்தோம். கண்காணிப்பு எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் போன் விசயத்தில் பயம் ஒரு பக்கமும் ஓட்டை இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீழே உள்ளதை ஒரே இருப்பில் செய்ய வேண்டாம். உங்கள் போனில் பெயர்களும் இடங்களும் கொஞ்சம் மாறி இருக்கலாம். செற்றிங்ஸில் மேலே உள்ள தேடல் பெட்டியில் தட்டினால் வரும்.

முதலில் ஒரு கேள்வி: யாரிடம் இருந்து?

ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். வீட்டுக்குள் இருக்கும் ஒருவரா? பணம் பறிக்கிற கள்ளனா? கூகுள், பேஸ்புக்கை வைத்திருக்கும் மெட்டா போன்ற நிறுவனமா? அரச தரப்பா? இதற்கு விடை தெரியாமல் செயலி மேல் செயலியாக இறக்குவதில் பலன் இல்லை. உங்கள் பின் நம்பர் தெரிந்த புருசனிடம் இருந்து சிக்னல் என்ற இரகசியச் செய்திச் செயலி உங்களைக் காப்பாற்றாது. விளம்பர நிறுவனத்திடம் இருந்து பின் நம்பர் காப்பாற்றாது. என் அனுபவத்தில் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோரின் உண்மையான சிக்கல் முதல் இரண்டு வகைதான். ஆனால் எல்லோரும் கேட்பது மூன்றாவதைப் பற்றி. ஆகவே அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

மைக் உண்மையில் கேட்கிறதா

அமெரிக்காவின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கு மேற்பட்ட அன்ட்ரொயிட் செயலிகளைச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். களவாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. ஆனால் தேடாத ஒன்று அகப்பட்டது: சில செயலிகள் திரையில் நடப்பதைப் பதிவு செய்து வெளியாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சந்தேகம் சரி, இடம்தான் பிழை.

அதற்காக மைக் விசயம் முழுக்கக் கட்டுக்கதை என்றும் சொல்லமாட்டேன். குரலுக்குப் பதில் சொல்லும் உதவியாளர்கள் தவறுதலாக விழித்துக்கொள்வார்கள். அப்படிப் பதிவான துண்டுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்று 2019இல் வெளியே வந்தது. அப்பிள், கூகுள், அமேசன் மூன்றும் அதில் மாட்டின. தன் குரல் உதவியாளரான சிரி தொடர்பான வழக்கை முடிக்க அப்பிள் 9.5 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது 2025 தொடக்கத்தில் வெளியே வந்தது, தவறு செய்ததாக ஒத்துக்கொள்ளாமலே.

விளம்பரக்காரனுக்கு உங்கள் குரல் அவ்வளவாகத் தேவைப்படாது. நீங்கள் யாருடைய வைஃபையில் இருக்கிறீர்கள், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், உங்கள் தொடர்புப் பட்டியலில் யார் யார், எந்த இணையக் கடையைப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே போய்ச் சேர்கிறது. பல இணையத்தளங்களில் மெட்டாவின் சிறு நிரல் ஒன்று ஒளிந்திருக்கும். நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்த செய்தியை அது மெட்டாவுக்குச் சொல்லும்.

சரி, செய்ய வேண்டியது:

அன்ட்ரொயிட் செற்றிங்ஸில் பிரைவசி, அதற்குள் பெர்மிஷன் மனேஜர். மைக், கமரா, லொகேஷன், கொன்ராக்ற்ஸ் நாலையும் திறந்து, யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். டோர்ச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு? எடுத்துவிடுங்கள். பிழைத்தால் செயலி திரும்பக் கேட்கும், அப்போது கொடுக்கலாம். புதிய அன்ட்ரொயிட் போன்களில் மைக்கோ கமராவோ வேலை செய்யும்போது திரையின் மூலையில் பச்சைப் புள்ளி வரும். ஐபோனில் மைக் என்றால் செம்மஞ்சள், கமரா என்றால் பச்சை. நீங்கள் ஒன்றும் செய்யாதபோது புள்ளி எரிந்தால் அப்போது என்னிடம் வாருங்கள்.

அதே பிரைவசிக்குள் அட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் விளம்பர அடையாளத்தை அழிக்கலாம். அழித்துவிடுங்கள், ஒன்றும் குறையாது.

கூகுள் கணக்கில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். லொகேஷன் பதிவை நிறுத்தினால் போதும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். 'வெப் அன்ட் அப் அக்டிவிற்றி' என்ற வேறொரு பதிவு அதே இடவிவரத்தைச் சேமித்துக்கொண்டிருந்தது. இதற்காக 2022இல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்குக் கூகுள் 39.15 கோடி டொலர் கட்ட உடன்பட்டது. இரண்டையும் நிறுத்துங்கள், பழையதை அழிக்கவும் அங்கேயே வழி உண்டு.

பேஸ்புக்கில் அக்கவுன்ற்ஸ் சென்ரருக்குள், மெட்டாவுக்கு வெளியே நீங்கள் செய்தவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. திறந்தால் திகைத்துப்போவீர்கள். அதைத் துடைத்து, இனிமேல் சேர்க்காதே என்றும் சொல்லலாம். இத்தனை செய்தாலும் விளம்பரம் வரும். உங்களைக் குறிவைத்து வரும் விளம்பரம் குறையும், அவ்வளவுதான்.

கூகுள் கணக்கு யாருடையது

இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வன்னியில் பாதிப் போன்களின் கணக்கு சொந்தக்காரருடையது இல்லை என்று எனக்குச் சந்தேகம். வாங்கும்போது கடைக்காரர் "ஈமெயில் ஒன்று அடிச்சு விடுறன்" என்று திறந்து கொடுப்பார். இல்லையென்றால் கட்டாரில் இருக்கும் மகன் தன் கணக்கையே போட்டு அனுப்புவார். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்தவர் உங்கள் படங்களையும், தொடர்பு இலக்கங்களையும், போன் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கலாம். இதற்கு உளவுச் செயலி தேவையில்லை.

செற்றிங்ஸில் கூகுளைத் திறந்து, உங்கள் ஈமெயில் எது என்று பாருங்கள். பிறகு செக்கியூரிற்றி பகுதிக்குப் போய் மீட்பு இலக்கத்தையும் மீட்பு ஈமெயிலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்ட். இந்த ஒழுங்கு முக்கியம். பாஸ்வேர்டை மாத்திரம் மாற்றிவிட்டு மீட்பு இலக்கத்தைப் பழையபடி விட்டால், பழையவர் அரை நிமிடத்தில் திரும்ப உள்ளே வருவார். பிறகு 'யுவர் டிவைசஸ்' என்ற பட்டியலில் உங்களுக்குத் தெரியாத போன், கணினி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கடைசியாக, பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டுபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

பழைய பாஸ்வேர்ட் தெரியாவிட்டால்? போனின் பின் நம்பரைக் கேட்டு மாற்ற விடும் சந்தர்ப்பமும் உண்டு. விடாவிட்டால் புதுக் கணக்கு திறந்து, படங்களையும் இலக்கங்களையும் கொப்பி பண்ணி, பழையதைக் கழற்றுவதுதான் வழி. பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைப்பது கூடாது என்று சிலர் சொல்வார்கள். எழுதி வையுங்கள். ஊர்ப்பெயரும் பிறந்த வருடமும் சேர்த்த பாஸ்வேர்டைவிட அலுமாரிக்குள் இருக்கும் நல்ல பாஸ்வேர்ட் மேல்.

பூட்டு

கோடு இழுக்கும் பற்றேர்ன் வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் பாடமாகிவிடும். ஆறு இலக்கப் பின் போடுங்கள், பிறந்த திகதி இல்லாமல். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாமல் மறையுங்கள்; வங்கிக் குறியீடு பூட்டைத் திறக்காமலே வாசிக்கப்படுவது இதனால்தான். சிம்முக்கும் ஒரு பின் போடலாம். மூன்று முறை பிழைத்தால் மட்டையில் உள்ள பியூக் என்ற இலக்கத்தைக் கேட்கும், ஆகவே சிம் வந்த மட்டையை எறியாதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே யாரோ பார்க்கிறார் என்ற சந்தேகம் இருந்தால், செற்றிங்ஸில் அக்செசிபிலிற்றிக்குள் அனுமதி பெற்ற செயலிகளையும், டிவைஸ் அட்மின் பட்டியலையும் பாருங்கள். உளவுச் செயலிகள் பெரும்பாலும் அங்கேதான் குந்தியிருக்கும், 'சிஸ்ரம் சேர்விஸ்' என்று நல்ல பிள்ளைப் பெயரோடு. ஆனால் கண்டவுடன் கழற்ற வேண்டாம். கழற்றியது மற்றவருக்கு உடனே தெரியும். அடி விழும் வீடாக இருந்தால், முதலில் நம்பிக்கையான ஒருவருடன் அவருடைய போனில் கதையுங்கள்.

வட்ஸ்அப்: எது பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது

செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? உறை ஒட்டாத கடிதம், குடும்பச் செய்தி மாத்திரம். இடையில் எவரும் வாசிக்கலாம் என்று தெரிந்துகொண்டே எழுதினோம். சாதாரண எஸ்எம்எஸ் அந்த மாதிரி. தொலைபேசி நிறுவனத்தின் கையில் அது திறந்த கடிதம். முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்பது, அனுப்புகிறவரின் போனில் பூட்டி, பெறுகிறவரின் போனில் மாத்திரம் திறப்பது. இடையில் உள்ள நிறுவனத்திடம் திறப்பு இல்லை. வட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இருந்து எல்லாச் செய்திக்கும் அழைப்புக்கும் இதைச் செய்கிறது, சிக்னலின் முறையைக் கடன் வாங்கி.

ஆனால் உறையில் பெயர் இருக்கிறதே. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த இணைய முகவரியில் (ஐபி) இருந்து, எந்தக் குழுவில் என்ற விவரங்கள் வட்ஸ்அப்பிடம் உண்டு. வட்ஸ்அப்பை வைத்திருப்பது மெட்டா. கதையை வாசிக்காமலே, நள்ளிரவில் ஒரு சட்டத்தரணிக்கு நாலு முறை எடுத்தீர்கள் என்று தெரிந்தால் மிச்சத்தை ஊகிக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை, என் வரிசையில்.

லிங்க்ட் டிவைசஸ். வட்ஸ்அப்பின் மேல்மூலை மூன்று புள்ளிக்குள் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாலு சாதனம் வரை இணையலாம், உங்கள் போன் நின்றிருந்தாலும் அவை தொடர்ந்து வேலை செய்யும். தெரியாததைத் தொட்டு லொக் அவுட் கொடுங்கள். கடையில் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் ஈமெயிலில் அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டு போங்கள். இணைத்தேயாக வேண்டும் என்றால், வாசலைத் தாண்டமுதல் உங்கள் போனில் இருந்தே வெட்டுங்கள். கடைக்காரர் வெட்டுவார் என்று நம்ப வேண்டாம், நானே வெட்டவில்லையே.

அடுத்தது இரண்டுபடி பின். செற்றிங்ஸ், அக்கவுன்ற், ரூ ஸ்ரெப் வெரிபிகேஷன். இது இல்லாதவர்களிடம்தான் "அக்கா, தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திட்டுது, சொல்லுங்கோ" என்ற திருட்டு நடக்கிறது. இலக்கத்தைச் சொன்னால் உங்கள் வட்ஸ்அப் அவன் கையில். கனடாச் சொந்தங்களுக்கு "அவசரம், காசு அனுப்புங்கோ" என்று உங்கள் பெயரில் போகும். போய்விட்டால் பதறாமல் உடனே உங்கள் போனில் திரும்பப் பதிவு செய்யுங்கள், அவன் வெளியே விழுவான். அவன் தன் பின்னைப் போட்டுவைத்திருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் சொந்தங்களுக்குச் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள். யாராவது நட்சத்திரம், ஹாஷ் சேர்ந்த இலக்கம் ஒன்றை அடிக்கச் சொல்லி நீங்களும் அடித்திருந்தால், உங்கள் அழைப்புகள் அவனுக்குத் திரும்பியிருக்கலாம். ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

பிறகு பேக்அப். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். செய்தி பூட்டிப் போகிறது, சரி. ஆனால் அதன் பிரதி ஒவ்வொரு இரவும் கூகுள் கணக்குக்குள் ஏறுகிறது, அந்தப் பூட்டு இல்லாமல். கணக்கு கடைக்காரப் பெடியனுடையது என்றால் யோசித்துப் பாருங்கள். 2021இல் இருந்து பேக்அப்பையும் பூட்ட முடியும்: செற்றிங்ஸ், சற்ஸ், சற் பேக்அப், அதற்குள் என்ட் ரு என்ட் என்கிரிப்ரட் பேக்அப். பாஸ்வேர்ட் ஒன்றோ 64 இலக்கத் திறப்போ கேட்கும். அதைத் தொலைத்தால் கூகுளும் வட்ஸ்அப்பும் திறந்து தரமாட்டா.

இந்த இடத்தில் ஒரு அம்மாவுக்கு மாத்திரம் நான் 'போட வேண்டாம், பொறுங்கோ' என்றேன். 2009இல் அல்பம் எல்லாம் போய்விட்டது. மகனின் படம் ஒன்றே ஒன்று, யாரோ சொந்தக்காரர் வைத்திருந்த பழைய படத்தைப் போனில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியது. அதுவும் அந்த ஒரு உரையாடலில் மாத்திரம் கிடந்தது. முதலில் படத்தை இறக்கி, இரண்டு பென் டிரைவில் போட்டு, பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பூட்டு அதற்குப் பிறகு. களவு போகாமல் காப்பதற்கு முதல், தொலைந்து போகாமல் காக்க வேண்டிய பொருட்கள் சில வீட்டில் இருக்கும். உங்களிடம் எது என்று பாருங்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரைவசிக்குள் குறூப்ஸைத் திறந்து, தெரிந்தவர் மாத்திரம் உங்களைக் குழுவில் சேர்க்கும்படி வையுங்கள். அதே பிரைவசியின் அட்வான்ஸ்ட் பகுதியில் அழைப்பின்போது இணைய முகவரியை மறைக்கலாம். மறையும் செய்திகளை 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் திரையைப் படம் பிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒருவர் உங்களை ரிப்போர்ட் பண்ணினால் கடைசி ஐந்து செய்திகள் வட்ஸ்அப்புக்குப் போகும். மெட்டா ஏஐ என்ற நீல வட்டம் வந்திருந்தால், அதனிடம் எழுதுவதை மெட்டா வாசிக்கலாம் என்று எடுத்துக்கொண்டே எழுதுங்கள்.

இருநூறு பேர் உள்ள ஊர்க் குழுவில் மறைகுறியாக்கம் பற்றிக் கதைப்பது வீண். இருநூறு போனில் ஒன்று பூட்டாமல் மேசையில் கிடந்தால் போதும்.

சிக்னல், ரெலிகிராம், மற்றவை

எங்களுக்குள் பரவியிருக்கும் பெரிய பிழை ஒன்று: "ரெலிகிராம் பாதுகாப்பானது." சாதாரண ரெலிகிராம் உரையாடல் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை; அது நிறுவனத்தின் சேவரில் இருக்கிறது. 'சீக்ரெட் சற்' என்று தனியாகத் திறந்தால்தான் பூட்டு, குழுக்களுக்கு அதுவும் கிடையாது. 2024 ஓகஸ்டில் அதன் தலைவர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதான பிறகு, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் இலக்கத்தையும் இணைய முகவரியையும் கொடுப்போம் என்று நிறுவனம் விதியை மாற்றியது. செய்தி வாசிக்க நல்லது, இரகசியத்துக்கு இல்லை.

மெசெஞ்சர் 2023 டிசம்பரில் இருந்து தனி உரையாடலைப் பூட்டத் தொடங்கியது. வைபர் 2016இலேயே தொடங்கிவிட்டது. மத்திய கிழக்கில் இருக்கும் பிள்ளைகளோடு ஐஎம்ஓவில் கதைப்பவர்கள் சுகம் விசாரிக்கட்டும். காணி உறுதியின் படம் அனுப்ப அது இடமில்லை.

உண்மையில் மறைக்க வேண்டிய விசயம் இருந்தால் சிக்னல். இலாபநோக்கற்ற அமைப்பு நடத்துவது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்குத் திறந்த நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. பிளே ஸ்ரோரில் இருந்து மாத்திரம் இறக்குங்கள். ஒருவர் அனுப்பும், செயலியை நேரடியாகப் பதியும் ஏபிகே கோப்பைத் தொட வேண்டாம். இலக்கத்தைக் கொடுத்துப் பதியுங்கள், பின் போடுங்கள், செற்றிங்ஸின் பிரைவசியில் உங்கள் இலக்கத்தை எவரும் பார்க்காதபடி மாற்றுங்கள். 2024இல் இருந்து பயனர்பெயர் வைத்து, இலக்கம் கொடுக்காமலே கதைக்கலாம். திரைப் பூட்டும், மறையும் செய்தியும் போடுங்கள்.

சிக்னலின் குறை ஒன்றுதான்: எங்கள் ஆட்கள் அதில் இல்லை. ஊரையே மாற்ற வேண்டாம். நீங்கள் இரகசியமாகக் கதைக்கும் அந்த இரண்டு மூன்று பேரை மாத்திரம் கொண்டு வாருங்கள்.

சிம்மும் சாதாரண அழைப்பும்

சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. யாருக்கு எடுத்தீர்கள், எந்தக் கோபுரத்தின் கீழ் நின்றீர்கள் என்பது நிறுவனத்தின் பதிவில் இருக்கும். எந்தச் செயலியாலும் அதை மறைக்க முடியாது. மாமாவின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மை வைத்திருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதே மாதிரி, உங்கள் பெயரில் வேறு யார் சிம் வைத்திருக்கிறார்கள் என்று சேவை நிலையத்தில் கேளுங்கள். நீண்ட நாள் பாவிக்காத இலக்கம் இன்னொருவருக்குப் போய்விடும். பழைய இலக்கத்தில் வங்கி, கூகுள், வட்ஸ்அப் ஏதாவது தொங்கினால், குறியீடு எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும்.

கடன் செயலிகள் பற்றி ஒரு சொல். நுண்கடன் காலத்தில் வசூலிக்க வாசலில் வந்து நின்றார்கள். இவர்கள் உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்கிறார்கள். தவணை பிந்தினால் விதானையார் வரை அழைப்புப் போகும். கொன்ராக்ற்ஸ் அனுமதி கேட்கும் கடன் செயலியை இறக்கவே வேண்டாம்.

விபிஎன்

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அப்போது சின்னப் பிள்ளைக்கும் விபிஎன் என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிடும் செயலி அது; முடக்கத்தைத் தாண்ட நல்லது. ஆனால் அது உங்களை மறைக்கும் மந்திரம் இல்லை. தொலைபேசி நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். ஒனாவோ என்ற இலவச விபிஎன்னை நடத்தியது பேஸ்புக். சனம் வேறு எந்தெந்தச் செயலி பாவிக்கிறது என்று அறிய அதைப் பாவித்தார்கள். 2018இல் அப்பிள் கடையில் இருந்து போனது, 2019இல் மூடினார்கள். பெயர் தெரியாத இலவச விபிஎன் போனில் கிடந்தால் கழற்றுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது, விற்கும்போது

திருத்துகிறவனே சொல்கிறேன்: டிஸ்பிளே மாற்ற, பற்றரி மாற்ற எனக்கு உங்கள் பின் நம்பர் தேவையில்லை. கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பக்கத்தில் இருந்து நீங்களே திறந்து காட்டலாம். சில சம்சுங் போன்களில் மெயின்ரெனன்ஸ் மோட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் நான் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது கூகுள் கணக்கைக் கழற்றி, பிறகு ரீசெற். ஒழுங்கு மாறினால் வாங்கியவர் பூட்டில் மாட்டிக்கொண்டு உங்களிடம் வருவார். மெமரி காட்டை விற்காதீர்கள். அழித்த படத்தைத் திரும்ப எடுப்பது எனக்கு அரை மணி வேலை.

காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், செய்தி வேலை செய்பவர்களுக்கு

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் இருக்கும் தாய்மாரும், காணி வழக்கு நடத்துபவர்களும், செய்தியாளர்களும் மேலே சொன்னவற்றோடு நிறுத்தக்கூடாது.

பொதுவில் போட்டதை எந்த மறைகுறியாக்கமும் காக்காது. 2024 மாவீரர் வாரத்தை ஒட்டி, பேஸ்புக்கில் படம், வீடியோ பகிர்ந்தார்கள் என்று சிலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அது, இன்னும் இருக்கிறது. இணையத்தில் போடுபவற்றைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது. எதைப் போடுவது என்பது உங்கள் உரிமை. நான் சொல்வது, போடமுதல் தெரிந்துகொண்டு போடுங்கள்.

சாட்சி சொன்ன ஒருவரின் பெயரை வட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். நேரில், அல்லது சிக்னலில். படம் அனுப்பினால் கோப்பாக அனுப்பாதீர்கள். எடுத்த இடமும் நேரமும் அதற்குள் இருக்கும். கூட்டத்துக்குப் போகும்போது கைரேகைத் திறப்பை நிறுத்திப் பின் மாத்திரம் வையுங்கள். போனுக்குள் ஓட்டை வழியாகவே நுழையும் பெகாசஸ் போன்ற உளவு மென்பொருட்கள் இருக்கின்றன. பெகாசஸ் 2019இல் வட்ஸ்அப் அழைப்பு வழியாக ஏறத்தாழ 1,400 பேரைக் குறிவைத்தது. அதற்கு எதிராகச் சாதாரண ஆளால் செய்யக்கூடியது, அப்டேற்றைப் பிற்போடாமல் இருப்பதும், போனை அடிக்கடி நிறுத்தி எழுப்புவதும், ஐபோன் என்றால், இப்படியான தாக்குதலுக்கு எதிராகப் போனை இறுக்கிப் பூட்டும் லொக்டவுன் மோட் போடுவதும். அப்டேற் நின்றுபோன பழைய போனில் இந்த வேலை செய்ய வேண்டாம்.

சட்டத்தரணியின் இலக்கத்தையும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர இலக்கத்தையும் தாளில் எழுதிப் பேர்ஸுக்குள் வையுங்கள். போனைக் கேட்கும் வேளையில் போனுக்குள் உள்ள இலக்கம் உதவாது.

தையல் மெஷின் அக்கா மூன்று நாளுக்குப் பிறகு திரும்ப வந்தார். கூகுள் கணக்கை மாற்றிவிட்டாராம். ரொறன்ரோவில் இருக்கும் மகளுடன் கதைக்க மாத்திரம் சிக்னல் வேண்டும் என்றார். இறக்கிக் கொடுத்து, மகளின் பெயருக்குள் போய் 'சேஃப்ரி நம்பர்' என்பதைத் திறந்தேன். அறுபது இலக்கம், ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு கூட்டம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் நடுவில் எவரும் இல்லை. எங்களுக்குப் பின்னேரம் ஐந்து, அங்கே காலை ஏழரை. மகள் வேலைக்கு வெளிக்கிடும் அவசரத்தில் இருந்தாள். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பங்கீட்டு அட்டை இலக்கம் வாசிப்பது போல ஒவ்வொரு கூட்டமாகச் சத்தமாக வாசித்தார். ஒன்பதாவது கூட்டத்தில் மகள் "பிழை" என்றாள். கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனை வாங்கிப் பார்த்தேன். அக்கா ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்திருந்தார்.

"முதலில இருந்து வாசிக்கட்டோ?" என்று கேட்டார். மகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப இருந்தாள்.